கொள்ளிடக் கரை அரிப்பு: கரையோர வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அணைக்கரைக்குக் கீழே கடல்வரை, கொள்ளிடத்தின் இரு பக்கமும் படுகையிலும் (ஆற்றை ஒட்டிய தாழ்வான நிலம்) திட்டிலும் (ஆற்றுத் தீவு) லயன்கரை (வெள்ளத்தைத் தடுக்கும் மண்கரை) ஓரத்திலும் குடியிருப்பவர்கள் என்னிடம் கேட்டவையும், நான் மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவையும் இங்கே கலந்திருக்கின்றன. பாலாறு, தென்பெண்ணை, தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும். ஆறு வேறாக இருந்தாலும் அரிக்கிற விதம் ஒன்றுதான்.

ஆறு எங்க கொல்லையிலேர்ந்து நாற்பது அடி தள்ளித்தான் ஓடுது. பயப்படணுமா?

அடிக்கணக்கை வைத்து மட்டும் சொல்ல முடியாது. பத்தடியில் இருக்கிற வீடு மூன்று தலைமுறையாக நிற்கும். நூறடி தள்ளி இருந்த கொல்லை இரண்டு வெள்ளத்தில் காணாமல் போகும். முதலில் பார்க்க வேண்டியது வளைவு. ஆறு திரும்புகிற இடத்தில் வெளிப்பக்கக் கரையைத் தண்ணீர் முட்டும், உள்பக்கத்தில் மணலைப் போட்டுவிட்டுப் போகும். உங்கள் கரை சுவர் வெட்டினதுபோல் செங்குத்தாக நின்று, எதிரே மணல்மேடு வருஷா வருஷம் வளர்ந்தால், ஆறு உங்களை நோக்கி நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மண். எங்கள் பக்கத்துக் கரைகளில் பெரும்பாலும் மேலே சில அடி களிமண் வண்டல், அதற்குக் கீழே மணல். ஆறு கீழே இருக்கிற மணலை உருவிவிடும். மேலே களி மட்டும் தாழ்வாரம்போல் நீட்டிக்கொண்டு நிற்கும். கொல்லையில் நின்று பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும், வாழைகூடக் குலை தள்ளியிருக்கும். கோடையில் ஆற்றுக்குள் இறங்கி நின்று உங்கள் கரையை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். அடியில் குடைந்திருந்தால் அங்கிருந்துதான் தெரியும்.

கரைக்கு இணையாக நீளவாக்கில் தரையில் வெடிப்பு, ஆற்றுப் பக்கம் தலை சாய்த்த தென்னை, விளிம்பில் வேலிக்கால் அந்தரத்தில் தொங்குவது ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும் அளக்க ஆரம்பித்துவிட வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்து கரை விளிம்புவரை டேப் பிடித்து, ஆடிக்கு முன்னால் ஒரு தடவை, தை பிறந்ததும் ஒரு தடவை. தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள், அதே இடத்தில் நின்று போட்டோ எடுங்கள். பின்னால் மனு கொடுக்கப் போகும்போது உங்கள் கையில் இருக்கப்போகிற ஒரே ஆதாரம் அந்த நோட்டுதான்.

வெள்ளம் கரை தொட்டு ஓடினப்போ ஒண்ணும் ஆகலை. வடிஞ்ச மூணாம் நாள் கரை இடிஞ்சு விழுந்துச்சு. ஏன்?

எல்லோரையும் ஏமாற்றுகிற இடம் இது. வெள்ளம் நிற்கும்வரை ஆற்றுத் தண்ணீரே கரையைப் பக்கவாட்டில் தாங்கிப் பிடித்திருக்கும். பத்து நாள் ஊறிய கரையின் கனமும் கூடியிருக்கும். மேட்டூரில் திறப்பைக் குறைத்ததும் ஆற்றின் மட்டம் மடமடவென்று இறங்கிவிடும். கரைக்குள் ஊறிய தண்ணீர் அந்த வேகத்தில் வெளியேறாது. வெளியே தாங்கல் போய்விட்டது, உள்ளே கனம் அப்படியே இருக்கிறது. போதாததற்கு, உள்ளிருக்கும் தண்ணீர் கசிந்து வரும்போது மணலையும் கூட இழுத்துக்கொண்டு வரும். கரை பாளம் பாளமாகச் சரிவது அப்போதுதான்.

அதனால், தண்ணீர் இறங்கியதும் பாத்திரம் பண்டத்தைத் தூக்கிக்கொண்டு கரையோரத்து அறைக்குத் திரும்பாதீர்கள். குறைந்தது ஒரு வாரம் பத்து நாள் அந்தப் பக்கம் படுக்க வேண்டாம், மாடு கட்ட வேண்டாம், வேடிக்கை பார்க்கப் பிள்ளைகளை விட வேண்டாம்.

அப்பா காலத்துல இவ்வளவு அரிப்பு இல்லையே. இப்ப ஏன் அதிகம்?

கொள்ளிடம் சாதாரண ஆறு இல்லை, காவிரியின் வடிகால். காவிரியில் வருகிற வெள்ளத்தை டெல்டாவுக்குள் விடாமல் முக்கொம்பு மேலணையிலிருந்து கொள்ளிடத்தில் தள்ளுவார்கள். 93.47 டி.எம்.சி. கொள்ளளவுள்ள மேட்டூர் 120 அடியைத் தொட்டுவிட்டால், அதற்குப் பிறகு கர்நாடகத்திலிருந்து வருவதெல்லாம் அப்படியே கீழே இறங்கும். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூர் திறப்பு 2 லட்சம் கன அடி அளவுக்குப் போனது. இரண்டு முறையும் நாதல்படுகை, முதலைமேடு, வெள்ளைமணல் போன்ற ஊர்களில் வீட்டுக்குள் ஆறு ஓடியது. ஆற்றில் மாதக்கணக்கில் சொட்டுத் தண்ணீர் இருக்காது, பிறகு ஒரே வாரத்தில் இந்த அளவு. காய்ந்து வெடித்த கரையில் திடீரென்று மோதினால் கரை என்ன செய்யும்?

வண்டல் அணையில் தங்கிவிடுவது இன்னொன்று. தெளிந்து வருகிற தண்ணீருக்கு மண் சுமக்கிற தெம்பு மிச்சம் இருக்கும். அந்தச் சுமையை ஆற்றின் தரையிலும் கரையிலும் எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது மணல். ஆற்றின் தரையை ஆறடி தோண்டினால் கரை ஆறடி உயர்ந்துவிட்டது என்று அர்த்தம். உயர்ந்த கரை நிற்காது. தோண்டிய பள்ளம் தோண்டிய இடத்திலேயும் நிற்பதில்லை. பள்ளத்தின் மேல்விளிம்பு இடிந்து இடிந்து ஆற்றின் எதிர்த்திசையில் ஊர்ந்து போகும். குவாரி இரண்டு மைல் தள்ளி இருக்கிறதே என்று ஆறுதல்பட முடியாததற்கு இதுதான் காரணம்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சியில் 1928-இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. அதே மாதம் 22-ஆம் தேதி இரவு முக்கொம்பில் 9 மதகுகள் உடைந்து போயின. 2024 ஆகஸ்டில் திருச்சிக்கு அருகே ஆற்றுக்குள் நின்ற உயரழுத்த மின்கோபுரம் சாய்ந்தது. எல்லாவற்றுக்கும் மணல் ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பாலத்துக்கும் மதகுக்கும் வயதாகிவிட்டிருந்தது. ஆனால் இரும்புக்கும் கருங்கல்லுக்கும் அடியில் ஆறு என்ன செய்யும் என்பதை அந்தச் சம்பவங்கள் காட்டின. நம் வீட்டு அஸ்திவாரம் மூன்றடி.

எங்க வீட்டுக்கு நேரா மட்டும் ஒரு கல் சுவர் கட்டிக்கலாமா? செலவு நாங்களே பண்றோம்.

வேண்டாம். எங்கள் தெருவில் ஒருவர் வளைகுடாவில் சம்பாதித்த காசைப் போட்டுத் தன் கொல்லை அகலத்துக்கு மட்டும் சுவர் எழுப்பினார். அடுத்த வெள்ளத்தில் சுவர் முடிகிற இடத்தில் தண்ணீர் சுழித்து, கீழ்ப்பக்கத்து வீட்டின் கொல்லையைத் தின்றது. அதற்கடுத்த வருஷம் அந்தப் பள்ளத்தின் வழியாகப் பின்னால் புகுந்து சுவரையே சாய்த்தது. இரண்டு வீட்டுக்கும் இப்போது பேச்சுவார்த்தை கிடையாது.

சுவர் முடியும் முனையில் அரிப்பு கூடும் என்பது ஒன்று. இன்னொன்று, சுவரின் காலடி. ஆற்றின் தரை வெள்ளத்தின்போது தற்காலிகமாகப் பல அடி பறிந்துவிட்டு, வடியும்போது மறுபடி மணல் மூடிக்கொள்ளும். கோடையில் பார்த்துவிட்டு நாலடி தோண்டிப் போட்ட அஸ்திவாரம் வெள்ளத்தில் அந்தரத்தில் நிற்கும். ஆற்றுப் புறம்போக்கில் அனுமதியில்லாமல் கட்டினால் நோட்டீஸும் வரும், அது தனிக்கதை.

வீடு இடிச்ச கல்லு, செங்கல், பழைய டயர் எல்லாம் கொட்டினா?

முதல் வெள்ளத்திலேயே போய்விடும், போகிற வழியில் கரையையும் சுரண்டிக்கொண்டு போகும். கொட்டாதீர்கள்.

வெட்டிவேர் நட்டா கரை நிக்குமா?

நிற்கும், நிற்காது என்று ஒரே வார்த்தையில் சொல்பவரை நம்ப வேண்டாம். வெட்டிவேரின் வேர் பக்கத்தில் பரவாமல் நேராகக் கீழே இறங்கும். நன்றாகப் பிடித்துவிட்டால் ஒன்றிரண்டு வருஷத்தில் ஆள் உயரத்தையும் தாண்டி ஆழம் போகும். கரையின் மேல்பாதியில் மழைத்தண்ணீர் வழிந்து ஏற்படும் ஓடைகள், சின்னச் சின்னச் சரிவுகள், அலை அடித்துக் கரைவது இவற்றுக்கெல்லாம் இதைவிட மலிவான மருந்து கிடையாது. நாற்று கிடைப்பதும் கஷ்டமில்லை, கடலூர்ப் பக்கம் வியாபாரத்துக்கே பயிரிடுகிறார்கள்.

ஆனால் செங்குத்தாக வெட்டிய கரையில், அடியில் மணல் உருவப்படுகிற இடத்தில், வெட்டிவேர் நட்டால் வெட்டிவேரோடு சேர்ந்து கரை விழும். முதலில் கரையைச் சரித்துச் சாய்மானம் எடுக்க வேண்டும். அடியில் கல்லோ கட்டையோ போட்டுப் பிடிமானம் கொடுக்க வேண்டும். அதற்கு மேலேதான் பயிர். பல ஊர்களில் ஆர்வமாக நட்டு, ஒரு வெள்ளத்தில் போனதும் "இதெல்லாம் சும்மா" என்று விட்டுவிடுவதற்குக் காரணம் இந்த வரிசையை மாற்றிச் செய்வதுதான்.

நடுகிற காலமும் முக்கியம். எங்கள் ஆற்றுக்கு வருஷத்தில் இரண்டு வெள்ளம்: ஆடி ஆவணியில் மேட்டூர்த் தண்ணீர், ஐப்பசி கார்த்திகையில் மழை. தை, மாசியில் ஈரம் இருக்கும்போதே நட்டால் ஆடிக்குள் ஐந்தாறு மாதம் கிடைக்கும். சித்திரையில் நட்டுவிட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் தூக்குவதைவிட அது மேல். வரிசை கரைக்கு இணையாக இருக்கட்டும், தூருக்குத் தூர் நாலைந்து அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். முதல் வருஷம் ஆடு மாடு வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நட்டவர்கள் சொல்வதைக் கேட்டால் வெள்ளத்தைவிட ஆடுதான் பெரிய எதிரி.

கரையில் தானாக முளைத்து நிற்கிற நாணலையும் நொச்சியையும் "சுத்தம் பண்றோம்" என்று பொக்லைன் விட்டு வழிக்கிறார்கள், இதைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வரும். காசு செலவில்லாமல் ஆறு தானே வளர்த்துக்கொண்ட தடுப்பு அது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் உப்புத்தண்ணீர் ஏறி இறங்கும் இடங்களில் அலையாத்திதான் சரிப்படும்.

கரை விளிம்புல பெரிய மரம் நிக்குது. அது காப்பாத்துமா, கவுத்துமா?

உள்ளே தள்ளி நின்றால் காப்பாற்றும். விளிம்பில் சாய்ந்து நின்றால், காற்றில் ஆடும்போது கரையை நெம்பும், விழும்போது வேரோடு ஒரு வண்டி மண்ணைக் கொண்டுபோகும். அப்படிப்பட்ட மரத்தின் கிளைகளைக் கழித்துப் பாரத்தைக் குறையுங்கள். முடியாவிட்டால் அடிமரத்தை விட்டு மேலே வெட்டலாம். வேரைத் தோண்டி எடுக்கக் கூடாது. புறம்போக்கு மரம் என்றால் வி.ஏ.ஓ.விடம் எழுதிக் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

ஊர் சேரும்வரைக்கும் நாங்க தனியா செய்யக்கூடியது என்ன?

கூரைத் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் கரை வழியாக ஆற்றில் விழுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். குழாய் வைத்துக் கரையின் அடிவரை இறக்குங்கள், அல்லது தெருப் பக்கம் திருப்புங்கள். செப்டிக் டேங்க் ஆற்றுப் பக்கம் இருந்தால் அதன் கசிவு கரையை எந்நேரமும் ஊறவைத்துக்கொண்டே இருக்கும். புதிதாக அறை எடுப்பதாக இருந்தால் தெருவைப் பார்த்து எடுங்கள். வைக்கோல்போர், டிராக்டர், தண்ணீர்த் தொட்டி எதையும் விளிம்பில் வைக்காதீர்கள்.

ஊராகச் சேர்ந்தா எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

"எங்கள் வீடு" என்று பேசுவதை விட்டு "இந்த வளைவு" என்று பேசுவதிலிருந்து. ஆறு பட்டா நம்பர் பார்த்து அரிப்பதில்லை. வளைவு தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை எத்தனை வீடு, எத்தனை மின்கம்பம், எவ்வளவு நீளம் சாலை, குடிநீர்க் குழாய் எங்கே, பள்ளிக்கூடம் எங்கே என்று ஒரு கையெழுத்து வரைபடம் போடுங்கள். முன்னே சொன்ன அளவு நோட்டுகளை வீடு வீடாக வாங்கி ஒரே பட்டியலாக்குங்கள். "கரை அரிக்கிறது, நடவடிக்கை எடுக்கவும்" என்ற மனுவுக்கும், "310 மீட்டர் நீளத்தில், மூன்று வருஷத்தில் 22 அடி போயிருக்கிறது, 34 வீடு, ஒரு அங்கன்வாடி" என்ற மனுவுக்கும் கிடைக்கிற மரியாதை வேறு. (எண்கள் உதாரணத்துக்கு.)

அந்தப் பட்டியலோடு கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். வருஷத்தில் ஆறு கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எல்லோரும் ஆகஸ்ட் 15 அன்று, ஆறு கரை தொட்டு ஓடும்போது கத்துகிறார்கள். அப்போது மணல் மூட்டைதான் கிடைக்கும். மதிப்பீடு போட்டு, நிதி கேட்டு, டெண்டர் விட்டு, ஆடிக்குள் கல் இறங்க வேண்டும் என்றால் முந்தைய அக்டோபர் 2-லிருந்தே தீர்மானம் கையில் இருக்க வேண்டும். ஜனவரி 26 கடைசிக் கெடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்மான நகல் மூன்று இடத்துக்குப் போகட்டும்: நீர்வளத் துறையின் உதவிச் செயற்பொறியாளர், தாசில்தார், திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர். மூன்றிலும் ரசீது வாங்குங்கள். இரண்டு மாதத்தில் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு, "எங்கள் மனு எந்த நிலையில் இருக்கிறது, மதிப்பீடு தயாரிக்கப்பட்டதா, தொகை எவ்வளவு" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். எங்கள் வளைவுக்கு மதிப்பீடு போட்டு ஒரு அலுவலகத்தில் ஒன்றரை வருஷம் தூங்கியது என்பதே எங்களுக்கு அப்படித்தான் தெரியவந்தது.

எதிர்க்கரைக்காரர்களோடும் பேசுங்கள். தென்கரை மயிலாடுதுறை மாவட்டம், வடகரை கடலூர் மாவட்டம். ஆறு ஒன்று, கலெக்டர் இருவர். நம் பக்கம் ஆற்றுக்குள் கல் தடுப்பு நீட்டினால் ஓட்டம் அந்தப் பக்கம் திரும்பும். அவர்களுக்குத் தெரியாமல் செய்தால் அடுத்த வருஷம் அவர்கள் மனு நம் தடுப்பை எடுக்கச் சொல்லும்.

வேலை நடக்குது. சரியாத்தான் செய்றாங்களான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

கரையின் மேலே எவ்வளவு உயரம் கல் அடுக்குகிறார்கள் என்று பார்க்காதீர்கள், அடியில் என்ன போடுகிறார்கள் என்று பாருங்கள். சாய்மானத்துக்குக் கல் பதித்து, அதன் காலடியில் ஆற்றின் தரைமட்டத்துக்குக் கீழேயும் கனமான கல் இறக்கியிருந்தால் வேலை தெரிந்தவர்கள். பள்ளம் விழும்போது அந்தக் கல் தானாக உருண்டு பள்ளத்தை மூடிக்கொள்ளும். கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவில் சல்லிப் படுகையோ துணிபோன்ற விரிப்போ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கல் இடுக்கு வழியே மண் உருவி, மேலே கல் மட்டும் நிற்கும். கம்பி வலைப் பெட்டிக்குள் கல் அடுக்குவது நல்ல முறை, கம்பி துருப்பிடிக்காத ரகமாக இருந்தால். உப்புத்தண்ணீர் ஏறுகிற இடத்தில் சாதாரணக் கம்பி வைத்தால் சில வருஷத்தில் பெட்டி பிரிந்துவிடும்.

சவுக்குக் கட்டை அடித்து மணல் மூட்டை அடுக்குவது அவசரத்துக்கு. அதையே வருஷா வருஷம் செய்வது யாருக்கு லாபம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்க வீட்டுக்குப் பட்டா இல்லை. படுகையிலதான் தாத்தா காலத்திலேர்ந்து இருக்கோம்.

கஷ்டமான இடம். ஆற்றுப் புறம்போக்குக்குப் பட்டா கொடுப்பதில்லை, ஐம்பது வருஷம் இருந்தாலும் வீட்டு வரி ரசீது உரிமை ஆகாது. 1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம். ஆனால் நோட்டீஸ் கொடுத்து, பதில் சொல்ல அவகாசம் தந்த பிறகுதான் அகற்ற முடியும். பதில் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். மாற்று இடமும் வீடும் கேட்டு எழுதுங்கள். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, மின் ரசீது எல்லாம் நில உரிமையைத் தராது, குடியிருந்ததை நிரூபிக்கும். மறுகுடியமர்த்தலுக்கு அது போதுமானதாக இருக்கலாம்.

உங்கள் நிலம் நத்தமா, பட்டாவா, புறம்போக்கா என்பதை வாய்ப்பேச்சில் நம்பாமல் புலப்படமும் (நில அளவை வரைபடம்) அ-பதிவேட்டு (கிராம நிலங்களின் வருவாய்ப் பதிவேடு) நகலும் வாங்கிப் பாருங்கள். படுகைக்குள்ளேயே பட்டா நிலமும் உண்டு.

வீடு ஆத்தோட போனா அரசு என்ன தரும்?

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் 2022–26 விதிப்படி, சமவெளியில் முழுதாகவோ பெருமளவோ சேதமான வீட்டுக்கு 1,20,000 ரூபாய், குடிசைக்கு 8,000 ரூபாய். ஆறு திசை மாறி நிலம் போனால் ஹெக்டேருக்கு 47,000 ரூபாய், அதுவும் வருவாய்ப் பதிவேட்டில் பேர் இருக்கிற சிறு, குறு விவசாயிக்கு மட்டும். மாநில அரசு ஒவ்வொரு பேரிடரிலும் சேர்த்து அறிவிப்பது தனி.

சிக்கல் இங்கேதான்: மத்திய அரசின் பேரிடர்ப் பட்டியலில் வெள்ளம் இருக்கிறது, புயல் இருக்கிறது, பூச்சித் தாக்குதல்கூட இருக்கிறது, கரை அரிப்பு என்று தனியாக இல்லை. அதனால் வி.ஏ.ஓ. எழுதுகிற அறிக்கையில் "2022 ஆகஸ்ட் வெள்ளத்தால் வீடு இடிந்தது" என்று தேதியோடு இருக்க வேண்டும். "அரிப்பால் நாளடைவில் சரிந்தது" என்று எழுதிவிட்டால் பணம் கிடைப்பது பெரும்பாடு. இடிந்த அன்றே போட்டோ, அன்றே எழுத்துமூலத் தகவல்.

15-ஆவது நிதிக் குழு 2021–26 காலத்துக்கு அரிப்பைத் தடுக்க 1,500 கோடியும், அரிப்பால் இடம்பெயர்ந்தவர்களைக் குடியமர்த்த 1,000 கோடியும் தேசிய அளவில் ஒதுக்கப் பரிந்துரைத்தது. பிரம்மபுத்திராவில் ஊர் ஊராக இழக்கிற அசாம் போன்ற மாநிலங்களின் குரலுக்குக் கிடைத்த கவனம் அது. மறுகுடியமர்த்தல் கேட்டு எழுதும் மனுவில் இந்தப் பரிந்துரையைக் குறிப்பிடுங்கள்.

வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கே?

பாலிசியைப் படித்துப் பாருங்கள். 2021-இல் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் வெள்ளச் சேதம் உண்டு. ஆனால் நிலம் சரிவது, உள்வாங்குவது என்கிற பிரிவில் கடல் அரிப்பும் ஆற்று அரிப்பும் விலக்கு. கோரிக்கைப் படிவத்தில் நடந்ததை நடந்தபடி, வெள்ளத்தின் தேதியோடு எழுதுங்கள்.

கடைசியில வீட்டை விட்டுப் போகத்தான் வேணுமா?

சில வளைவுகளில், ஆமாம். வருஷத்துக்கு ஐந்தடி போகிறது, வீட்டுக்கு இருபதடி மிச்சம், கல் இறங்குவதற்கான அறிகுறி இல்லை என்றால், நாலாவது ஆடியில் ஆறு சுவரைத் தொட்டுவிடும், மூன்று ஆடிதான் கணக்கு. வீடு நிற்கும்போதே கதவு, ஜன்னல், ஓடு, உத்திரம் கழற்றிக்கொண்டு போனால் பாதி வீட்டைக் காப்பாற்றியதாக ஆகும். பத்து வீடு சேர்ந்து, லயன்கரைக்கு உள்பக்கம் ஒரே இடத்தில் மனை கேட்டால் தெருவும் கோயிலும் உறவும் பிரியாமல் இருக்கும். தனித்தனியாகக் கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு திசையில் கிடைத்ததையும் பார்த்திருக்கிறேன். முகத்துவாரத்துத் திட்டுகளில் மீன்பிடித்துப் பிழைப்பவர்களுக்கு நாலு கிலோமீட்டர் உள்ளே மனை கொடுத்தால் அது மனையே இல்லை. வலையையும் படகையும் யார் காவல் காப்பது? அதைக் கலெக்டர் மேசையில் முதல் வரியாகச் சொல்ல வேண்டும்.

தண்டோரா போட்டாச்சு, மேட்டூர்ல திறந்துட்டாங்க. அன்னைக்கு ராத்திரி?

மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும், அந்த அவகாசத்தை வீணாக்காதீர்கள். பத்திரம், பட்டா, பள்ளிச் சான்றிதழ், அந்த அளவு நோட்டு எல்லாம் பிளாஸ்டிக் பையில் உறவினர் வீட்டுக்கு. மாடு கன்று லயன்கரைக்கு மேலே. கரையோர அறையில் யாரும் படுக்க வேண்டாம். முன்பெல்லாம் ஊரில் முறைவைத்துக் கரைக்காவல் இருப்பார்கள். அரிக்கேனும் மண்வெட்டியும் வைத்துக்கொண்டு, விடிய விடிய. அந்த முறையை டார்ச்சோடு மறுபடி ஆரம்பியுங்கள், ஒரு வேளைக்கு இரண்டு பேர். கரையின் ஊர்ப் பக்கத்தில் கலங்கலாகத் தண்ணீர் ஊற்றெடுத்தால் தாமதிக்காமல் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, அது கிடைக்காவிட்டால் மாநில அறை 1070. தெளிந்த கசிவு என்றால் சுற்றி மணல் மூட்டை அடுக்கி, நிறம் மாறுகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.